பிடியிலே பெயர் எங்கே?

வாளைப் பற்றி நம் மேடைகளிலே நிரம்பப் பேசியாகிவிட்டது, தோழர்களே! வாளேந்திய வேந்தன், வாளால் எல்லை வகுத்த தளபதி, வாள் கண்டு கலங்காத மறவன் — இவர்கட்கெல்லாம் புகழ்மாலை சூட்டியாயிற்று. வாளைச் செய்தவன்? அவன் பேச்சு எழுவதில்லை. எழாத அந்தப் பேச்சை எழுப்பியவன் பேராசிரியன் அல்லன். நம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன். கொல்லர் ஒருவரின் மகன். அவன் கேட்ட வினாவுக்கு நாம் அன்று தந்த விடை, நினைக்குந்தோறும் நம்மை நாண வைக்கிறது. நாணத்தை மறைப்பதைவிட எழுதிவிடுவது நன்று என்றெண்ணியே இதனைத் தொடங்குகிறோம்.

காமயகவுண்டன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கிலே உள்ள ஊர். பந்தலிலே திராட்சை, வயலிலே நெல், எத்திசை நோக்கினும் மலை. அங்கே பள்ளியாசிரியராகப் பணிபுரியும் நாம், சென்ற ஆண்டு 30 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றோம். தேனிவரை பேருந்து, அப்பால் இரயில். கடல் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆவல். எழும்பூர் அருங்காட்சியகம் பார்க்க வேண்டும் என்பது நமது பிடிவாதம். முன்னதுதான் அவர்கள் நினைவிலே நிற்கும் என்று எண்ணியிருந்தோம்.

1851ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அந்த அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்திலே, தஞ்சையிலிருந்து வந்த கட்டாரிகள் உள்ளன. கட்டாரியைப் பார்க்காதவர்க்குச் சொல்லுவோம்: அலகு அகன்றது, கூரியது. ஆனால் வாளுக்கு இருப்பது போன்ற ஒற்றைப் பிடி இல்லை. ஏணியின் இரு மரங்கள்போல நீண்ட இரு சட்டங்கள். இடையிலே படிகள்போலக் குறுக்குக் கம்பிகள். குறுக்குக் கம்பியைக் கைம்முட்டிக்குள் அடக்கிப் பிடித்தால், அலகு கையின் நீட்சியாகிவிடும். வெட்டுவதற்கன்று அது, குத்துவதற்கு. தென்னாட்டுக் கட்டாரி பலவற்றில் புறங்கையைக் காப்பதற்கென்று, நாகம் படமெடுத்தாற்போல் வளைந்து கவியும் ஒரு தகடும் உண்டு. பலவற்றின் அலகு, ஐரோப்பியரின் பழைய வாளிலிருந்து எடுத்துப் பொருத்தியது. அலகு பரங்கியுடையது, பிடி நம்மவருடையது. அந்தப் பிடியிலேதான் கலை கொலுவிருக்கிறது!

எஃகைக் காகிதம்போல் கத்தரித்திருக்கிறார்கள். கொடி ஓடுகிறது, கொடியிலே கிளி அமர்ந்திருக்கிறது, யாளி வாய் பிளக்கிறது. இடையிடையே ஒளி புகும் துளைகள். தொலைவிலே நின்று பார்ப்பவர்க்குப் பூவேலை செய்த துணி. கிட்ட வந்தால் கொலைக் கருவி. பிள்ளைகளுள் பலர், "அய்! கத்தி!" என்று பார்த்துவிட்டு நகர்ந்தனர். இருவர் மட்டும் நகரவில்லை. ஒருத்தி, திராட்சைத் தோட்டக்காரரின் மகள். ஏட்டைத் திறந்து யாளியை வரையத் தொடங்கிவிட்டாள். மற்றவன், மேலே குறிப்பிட்ட கொல்லர் மகன். மூக்கு கண்ணாடியிலே ஒட்டுமளவுக்கு நெருங்கி நின்றான்.

"சார், இத அரத்தால ராவியிருக்காங்க. உள்மூலைக்கு அரம் போகாது, அங்க மட்டும் சின்ன உளி வச்சிருக்காங்க" என்றான்.

நமக்கு வியப்பு. வரலாறு கற்ற நம் கண்ணுக்கு ஒரு நூற்றாண்டு தெரிந்தது. அவன் கண்ணுக்கு ஒரு கை தெரிந்திருக்கிறது!

"யார் சார் செஞ்சது?"

"தஞ்சை நாயக்கர் காலத்தது" என்றோம். 1532 முதல் 1673 வரை ஆண்டவர்கள், இறுதி மன்னன் விசயராகவ நாயக்கன் மதுரைப் படையோடு பொருது மாண்டான், பிறகு மராட்டியர் வந்தனர் என்று அடுக்கினோம்.

"ராசா பேரு கேக்கல சார். செஞ்சவரு பேரு."

பேழையிலிருந்த சீட்டைப் பார்த்தோம். ஊர் இருந்தது, காலம் இருந்தது. பெயர் இல்லை. பிடியைப் பார்த்தோம், அங்கும் இல்லை. ஆசிரியன் வாயடைத்து நிற்கலாமா? நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்! நாமோ அவன் தோளைத் தட்டி, குரலிலே உணர்ச்சி பொங்க, "உங்கள் முன்னோர்தாம் செய்தவர்கள். இந்தக் கைத்திறன் உன் இரத்தத்திலே ஓடுகிறது. நீ இதைக் கற்றுக் காப்பாற்ற வேண்டும்" என்றோம். அவன் ஒன்றும் கூறவில்லை. கடற்கரையிலே கூட அவன் அதிகம் பேசவில்லை என்பதைப் பின்னரே நினைத்துப் பார்த்தோம்.

இரவு இரயிலிலே, மற்றவர் உறங்கிய பின், அருகே வந்து அமர்ந்தான்.

"சார், அவதானே அத வரைஞ்சுக்கிட்டே இருந்தா. அவகிட்ட ஏன் சார் நீங்க காப்பாத்தச் சொல்லல?"

தோழர்களே, சம்மட்டி அடி என்பார்களே, அதை அன்று அறிந்தோம். 1953இலே, பள்ளியிலே அரைநாள், அப்பன் தொழிலிலே அரைநாள் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி நாடே கொதித்தெழுந்தது. 1954இலே காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. இந்த வரலாற்றை வகுப்பிலே எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! முழங்கிய அதே வாய், கொல்லர் மகனிடம் உலையைக் காட்டியது. தோட்டக்காரர் மகளிடம் காட்டவில்லை. திட்டமாக வந்தபோது எதிர்த்தது. பாராட்டாக உடுத்தி வந்தபோது நம் நாவிலேயே ஏறி அமர்ந்துகொண்டது. 'கொல்லன் மகனுக்குக் கணக்கு எதற்கு' என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே கூறிய ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம். அவர்மீது நமக்குச் சினம். நாம் கூறியதற்கும் அவர் கூறியதற்கும், இனிப்பு ஒன்றைத் தவிர, என்ன வேறுபாடு?

ஊர் திரும்பியதும், தஞ்சைக் கட்டாரிகளின் கதையைத் தேடிப் படித்தோம். 1855இலே மராட்டிய மன்னர் சிவாசி ஆண் வாரிசின்றி இறக்க, கும்பெனி ஆட்சி தஞ்சை அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் படைக்கலக் கொட்டிலும் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய இரும்பாகத் தொலைந்தது. தப்பியவற்றுள் சில இன்று நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அங்கும் தஞ்சை என்று சீட்டு உண்டு. செய்தவன் பெயர் இல்லை. மன்னனின் உடைமை என்பதால் காத்தார்கள், மன்னன் இல்லை என்றதும் உடைத்தார்கள். இரண்டு நாளிலும் செய்தவனை எவரும் கேட்கவில்லை.

பெயரே வெட்டாத மக்களா நாம்? இல்லையே! கம்பத்துப் பாத்திரக் கடையிலே போய் ஒரு குடம் வாங்குங்கள், கடைக்காரர் கேட்பார், "என்ன பேரு வெட்டணும்?" வாங்கியவர் பெயர் ஏறும், மணமகன் மணமகள் பெயர் ஏறும், கோயிலுக்கு என்றால் 'உபயம்' என்று கொடையாளியின் பெயர், முகவரியோடு ஏறும். கருப்பசாமிக்கு ஆளுயர அரிவாள் சாத்துகிறார்களே, அதிலும் நேர்ந்தவரின் பெயர்தான். உலை முன்னே வெந்து அதை அடித்தவரின் பெயரை எங்கேனும் கண்டதுண்டா? ஆயுத பூசையன்று அரிவாளுக்குச் சந்தனம், சம்மட்டிக்குக் குங்குமம். அடித்தவருக்கு? பொரிகடலை!

இங்கே நம் நினைவு ஐதராபாத்துக்கு ஓடியது. கல்லூரி நாளிலே சாலார் சங் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது, ஜப்பானியரின் நெடுவாளும் குறுவாளும் கண்டோம். அன்று அலகைத்தான் பார்த்தோம். பிறகு நூலகத்திலே ஒரு படநூல் கிடைத்தது. அதன்பின் அலகு மறந்து, அணிகளே நெஞ்சில் நின்றன. அலகுக்கும் பிடிக்கும் இடையே கையைக் காக்கும் ஒரு தட்டு, ஏறத்தாழ உள்ளங்கை அளவு, 'ட்சுபா' என்பர். பிடியின் தலைமாட்டிலே ஒரு குமிழ், கழுத்திலே ஒரு பூண். பிடியைத் திருக்கை மீனின் தோலால் போர்த்தி, மேலே நாடா சுற்றி, நாடாவின் கீழே இரண்டு சிறு உருவங்களைச் செருகுவர். அழகுக்கு அழகு, பிடிமானத்துக்குப் பிடிமானம். இந்தத் துண்டு உலோகங்களிலே அவர்கள் காட்டாத உலகமில்லை. மழையிலே வளையும் மூங்கில், நிலவின் கீழ் காட்டு வாத்து, பழங்கதையின் வீரன், பூசணிக் கொடி!

கருவியைவிட உலோகம் நம்மைக் கவர்ந்தது. செம்பிலே நூற்றுக்கு 3 முதல் 5 பங்குவரை பொன் கலப்பர், அது 'ஷாக்குடோ'. வெளியே எடுக்கும்போது செம்பாகத்தான் தோன்றும். முள்ளங்கிச் சாற்றிலே தோய்த்து, செம்புக் களிம்பு கலந்த கரைசலிலே கொதிக்க வைத்தால், காக்கைச் சிறகின் நீலக்கருமை ஏறும். நம் வீட்டுப் பெண்டிர் பித்தளைக்குப் புளி போடுகிறார்களே, அதற்கு அடுத்த வீட்டு அறிவு! செம்பிலே நாலில் ஒரு பங்கு வெள்ளி கலந்தால் 'ஷிபுயிச்சி' — 'நாலில் ஒன்று' என்பதே பெயரின் பொருள் — சாம்பல் நிறம், மங்கிய நிலவொளி. கருநிலத்திலே பொன் பதிப்பர். அந்த நிலத்தையும் வெறுமனே விடாமல், நுனி குழிந்த சிற்றுளியால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி, மீன் சினை பரப்பியதுபோல் வரிசை வரிசையாக நிரப்புவர். ஒரு புள்ளி வழுவினால் கண் அங்கேயே போய் நிற்கும். நூறாயிரம் முறை 'இது போதும்' என்று கை கெஞ்சியிருக்கும், கேட்டிருக்க மாட்டார்கள்.

தொலைநாட்டுக் கதை என்று தள்ளவும் இயலாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளிலே டச்சுக்காரர் ஜப்பானியச் செம்பைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்து, பழவேற்காட்டிலும் நாகையிலும் இறக்கினர். நம் கன்னார் வார்த்த குடத்திலே அந்தச் செம்பும் உருகியிருக்கும். கீழ்க்கடற்கரைக் கோடுபோட்ட பருத்தித் துணி அங்கே சென்று, சாந்தோம் எனும் பேரிலேயே 'சாந்தோமே' என்று வழங்கிற்று. யசுட்சுகு எனும் வாட்கொல்லர், அயல்நாட்டு இரும்பால் செய்தது என்று தம் வாளிலேயே வெட்டி வைத்தார். அந்த இரும்பு இந்திய உருக்கு என்று கருதும் ஆய்வாளரும் உளர். அவர் பெயரை நாம் இன்று எழுத முடிகிறது, பாருங்கள்! அவர் வெட்டி வைத்தார், ஆகவே எழுதுகிறோம்.

அங்கும் தொடக்கத்திலே நிலை வேறுதான். கோட்டோ என்றொரு குடும்பம். 15ஆம் நூற்றாண்டின் யூஜோ (1440–1512) தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளருக்கு வாளணி செய்தது. தந்தைக்குப் பின் மகன், மாறாத பாணி, மாறாத ஊதியம். அவர்களுள் முற்பட்டவர்களின் வேலைப்பாட்டிலே பெரும்பாலும் பெயர் இராது; பின்வந்த தலைவர்களே, இது இன்னாருடையது என்று சான்று எழுதினர். குடும்பம் பெயரை விழுங்கிற்று.

யோக்கோயா சோமின் (1670–1733) வந்தார். அவரும் அரண்மனை வேலை செய்த குடும்பத்தவரே. அந்தப் படியை உதறிவிட்டு நகரத்து மக்களுக்காகச் செதுக்கத் தொடங்கினார். ஓவியர் இட்சோ வரைந்தவற்றை உலோகத்தில் ஏற்றினார். தூரிகைக் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதுபோல உளிக் கோட்டையும் ஓடவிட்டார். 'வீட்டுச் செதுக்கு' என்ற பழைய வழிக்கு எதிரே 'நகரச் செதுக்கு' என்றொரு புதிய வழி எழுந்தது. நகரச் செதுக்கர்கள் பெயர் வெட்டினர். சிலர் ஊரையும் வயதையும் கூட வெட்டினர். ஆரவாரமாக அன்று, தட்டின் நடுவே, வாளைப் பூட்டினால் மறைந்துபோகும் இடத்திலே! அணிந்தவன் பெருமை வெளியே, செய்தவன் பெயர் உள்ளே. ஆயினும் இருந்தது.

1876இலே ஒரு பேரிடி. படையினர், காவலர் தவிர வேறெவரும் வாள் அணியலாகாது என்று ஆணை பிறந்தது. ஒரே நாளிலே ஆயிரக்கணக்கான உளிகளுக்கு வேலை இல்லை. அழுது மாண்டதா கலை? கானோ நாட்சுவோ (1828–1898) என்பவர், அதற்கு முன்பே 1870ஐ ஒட்டிப் புதிய அரசின் நாணயங்களுக்கு உருவம் செதுக்கியவர். 1890இலே தோக்கியோ நுண்கலைப் பள்ளியிலே உலோகக் கலைப் பேராசிரியரானார். வாட்பூண் செதுக்கிய கை, கரும்பலகை முன்னே நின்றது! அவர் யார் மகன் என்று எண்ணுகிறீர்கள்? கியோட்டோவிலே அரிசி விற்றவரின் மகன். வாள் வணிகர் ஒருவர் அவரை வளர்ப்பு மகனாக எடுத்துக்கொண்டார். கடையிலே கிடந்த வாளணிகளைக் கண்டு ஆசை கொண்டு உளி பிடித்தார். இரத்தத்திலே ஓடியது அரிசிக் கணக்கு! கலையோ கண் வழியே நுழைந்தது. இந்த வரியைப் படித்த இரவு, இரயிலிலே கேட்ட வினா மீண்டும் காதிலே ஒலித்தது.

ஜப்பானைப் பொன்னாடாக்கிக் காட்டுவது நம் கருத்தன்று. 1588இலேயே உழவர் கையிலிருந்த வாள்களைப் பறித்து, வாளை உயர்ந்தோர் சின்னமாக்கிய நாடு அது. தோல் பதனிட்டவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி, 1871இலேதான் சட்டத்தால் அந்தப் பெயரை நீக்கிய நாடு. 1942, 43இலே மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனரே, அவர்களை ஏவி நின்ற படையின் அதிகாரி இடுப்பிலும் வாள் தொங்கிற்று. அதன் பூணிலே செர்ரிப் பூ மலர்ந்திருந்தது. எழில் எவனுடைய இடுப்பையும் நல்லதாக்கிவிடாது. தஞ்சைக் கிளியும் அப்படித்தான். அது அமர்ந்திருந்த கட்டாரி எவர் மார்பிலே இறங்கிற்றோ!

அதனால்தான் ஏந்தியவனைவிட ஆக்கியவனைத் தேடுகிறோம். 2023இலே ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழில் எனும் சொல்லைச் சுற்றி அதே பழைய வினா எழுந்தது. அந்த நிபந்தனையை நீக்க வேண்டும் என்று 2024இலே தமிழ்நாடு அரசு கேட்டது. கேட்டது சரியே. ஆனால் நமது மாநாட்டுப் பந்தலிலே தலைவர்க்கு வெள்ளி வாள் வழங்குகிறோமே, அதன் பிடியிலே பூ வெட்டிய பட்டறைக்காரர் யார் என்று ஒருமுறையேனும் ஒலிபெருக்கியிலே கூறியதுண்டா? வழங்கியவர் பெயர் மூன்று முறை ஒலிக்கும். சிடுசிடுப்போடு எழுதவில்லை, அந்தப் பந்தலிலே கைதட்டியவருள் நாமும் ஒருவர்.

ஒரு சனிக்கிழமை, அந்தப் பட்டறைக்குப் போனோம். மகனிடம் மன்னிப்புக் கேட்பதே நோக்கம், சொல் வரவில்லை. அவன் துருத்தியின் இடத்திலே மின்விசிறி பொருத்தி, கம்பியிழுத்து, பொத்தானைத் தட்டினால் உலை சீறும்படி செய்திருந்தான். மின்பணி படிக்க வேண்டுமாம். "உலை எனக்குப் பிடிக்கும் சார், ஆனா எங்க அப்பா மாதிரி இதுலயே நிக்க முடியாது" என்றான். நாம் தலையசைத்தோம், இம்முறை அறிவுரை கூறவில்லை.

தோட்டக்காரர் மகளும் ஏட்டோடு வந்திருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரு கவாத்துக் கத்தி தேவை. கைப்பிடியின் பித்தளைப் பூணிலே, யாளி பெரிது என்பதால், திராட்சை இலை வெட்டலாம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். பெரியவர் முதலிலே சிரித்தார். "பொம்பளப் புள்ள உளி பிடிக்கவா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மிகச் சிறிய உளியைத் தேர்ந்து, நுனியைக் கல்லிலே தீட்டி, அவள் கையிலே கொடுத்து, மணிக்கட்டைத் திருத்தினார். முதல் இலை கோணிற்று. இரண்டாவதும் கோணிற்று. மூன்றாவதிலே நரம்பு ஓடிற்று.

"பேரு வெட்டணும்ப்பா" என்றான் மகன்.

"அவுக அப்பா பேரா? எழுதிக் குடுத்தா வெட்டிருவோம்."

"உங்க பேரு. இலைக்கு அவ பேரு."

பெரியவர் நம்மைப் பார்த்தார். "வாங்குறவுக பேரத்தான் சார் வெட்டுவாக. எங்க பேரு எதுக்கு? நாளைக்குக் கத்தி மொக்கையானா யாரு செஞ்சதுன்னு வையவா?"

"வையட்டும்ப்பா. யார வையணும்னாவது தெரியுமில்ல."

உலை சற்று நேரம் சீறிக்கொண்டிருந்தது. பூணைக் கையிலெடுத்து, இப்புறமும் அப்புறமும் திருப்பினார்.

"சரி, வெட்டு. சின்னதா வெட்டு. கட்டையில ஏத்துனா உள்ள மறையுற பக்கமா வெட்டு."

பையன் பூணைப் பட்டடைமேல் வைத்தான். தந்தையின் முதலெழுத்தும் அவளுடைய முதலெழுத்தும், நெல் மணி அளவிலே, கொஞ்சம் சாய்ந்து விழுந்தன.